உள்பக்கச் செய்தி

பஞ்சு ரஜாய்ப் போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் வெளியே விட்டுப் பார்த்தாள் வேதவல்லி. கை தன்னுடையதுதானா என்று சந்தேகம் வருகிற குளிர். உடனே உள்ளே இழுத்துக்கொண்டாள். சனிக்கிழமை, அலுவலகம் கிடையாது, ஜன்னலுக்கு வெளியே எதிர் பிளாக்கும் கிடையாது. மூடுபனி அதை ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. டில்லியில் முப்பது குளிர்காலம் பார்த்தவளுக்கு இதில் புதிது ஒன்றுமில்லை. சமையலறையில் ஒருவர் இஞ்சி தட்டுகிற சத்தம்தான் புதிது. ஐம்பத்தாறு வயதில், தான் படுத்திருக்க இன்னொருவர் எழுந்து தனக்காக இஞ்சி தட்டுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது சுகமா, கூச்சமா என்று கல்யாணமாகி மூன்று மாதமாகியும் அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து போய் உதவலாம். போனால் “நீங்க படுங்க, நான் பாத்துக்கறேன்” என்பார். போகாவிட்டால் போகவில்லையே என்று இங்கே கிடந்து உறுத்தும். இந்த உறுத்தலுக்கு நடுவில் அந்த இன்னொரு உறுத்தல், நேற்று சாயங்காலத்திலிருந்து செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி, எந்தப் பக்கம் நினைப்பைத் திருப்பினாலும் குத்துகிறது. முன்பு குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி குல்வந்த் கௌர் போனில் கூப்பிட்டிருந்தாள். “வேதா, என் அக்கா மகனுக்கு இங்கே வேலை கிடைச்சிருக்கு. மாடி ரூமை அவனுக்குக் குடுக்கலாமான்னு பாக்கறேன். உன் சாமான் அப்படியே இருக்கு. உனக்கு வேணுமா வேண்டாமா, ஞாயித்துக்கிழமை சொல்லிடு.” வேணுமா வேண்டாமா. லஜ்பத் நகரில் அந்த மொட்டை மாடி ஒற்றை அறையில், டில்லிக்காரர்கள் பர்சாத்தி என்பார்கள், முப்பது வருஷத்தில் இருபத்தாறு வருஷம் இருந்திருக்கிறாள். கல்யாணத்தன்று காலையில் அதைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பதிவாளர் அலுவலகத்துக்குப் போனவள், அப்புறம் காலி செய்யவே இல்லை. செய்யவில்லை என்று கணவர் அம்பலவாணனிடம் சொல்லவும் இல்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து மறைக்கவில்லை. சொல்வதற்கு ஒரு நாள் வரும் என்று இருந்தாள், அது வரவில்லை, அவ்வளவுதான். அவ்வளவுதானா?

அவர் டீயோடு வந்தார். தலையில் குரங்குக் குல்லாய், மேலே இரண்டு ஸ்வெட்டர், கக்கத்தில் பேப்பர். நெட்டையான மனிதர், குல்லாயோடு கதவு நிலையைத் தாண்டும்போது தானாகக் குனிகிறார். இருபது வருஷமாக அதே நிலையில் இடித்துக்கொண்டு கற்றுக்கொண்ட குனிவு. ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் நூலகர் வேலை, மேலதிகாரிகளுக்காகத் தினமும் பேப்பர் படித்துச் செய்தி கத்தரித்து ஒட்டும் வேலை. ஓய்வு பெற்ற பிறகு கத்தரிக்கோல் ஓய்ந்துவிட்டது, கண் ஓயவில்லை. முதல் பக்கத்தை அவர் தொடுவதே இல்லை. “அது ஊருக்கெல்லாம் பொதுவுங்க. உள்பக்கத்துல ஒரு மூலையில விரல் அகலத்துக்குப் போடுவான் பாருங்க, அதுதான் நமக்கு.” கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். “இது தெரியுமா உங்களுக்கு? பெங்குவின்ல ஒரு ஜாதி, முட்டைக்குக் காவல் நிக்கறப்போ நாலு நாலு விநாடியாத்தான் தூங்குமாம். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை. மொத்தமாக் கூட்டிப் பாத்தா நல்ல தூக்கம்தானாம்.” அவள் டீயை ஊதினாள். “கூட்டினா வரும். தூங்கின மாதிரி இருக்குமா?” அவர் பேப்பரைத் தாழ்த்தி யோசித்தார். “அதை அதுகிட்டதான் கேக்கணும்” என்றார். அவள் சிரித்துவிட்டாள், சிரித்த வாயாலேயே சொல்லிவிடலாம், இங்க பாருங்க, லஜ்பத் நகர்ல அந்த ரூம் இன்னும் என் கையிலதான் இருக்கு. என்ன ஆகிவிடும்? கோபப்பட மாட்டார். அதுதான் கஷ்டம். ‘அப்படியா’ என்பார், பேப்பரை மடிப்பார், மடித்ததையே மறுபடி மடிப்பார். அந்த இரண்டாவது மடிப்பை அவளால் பார்க்க முடியாது. இவள் வாசலுக்கு வெளியே ஒரு காலை வைத்துக்கொண்டே என் வீட்டுக்குள் வந்திருக்கிறாள் என்று அவர் நினைக்கலாம். நினைத்தால் அதில் தப்பும் இல்லை. தப்பு இல்லையா? ஒருவர் இருக்க ஒருவர் போவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அவருக்கு அறுபத்திரண்டு. இந்த வீடு அவருடைய மகள் நித்திலாவின் பேரில் இருக்கிறது, அதை அவரே முதல் சந்திப்பில் சொல்லிவிட்டார், எழுதி வைத்துவிட்டேன், உங்களுக்குத் தெரிந்திருக்கணும் என்று. அன்றைக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. இன்றைக்கும் பிடிக்கிறதுதான். ஆனால் விடிகாலையில் விழிப்பு வந்து, பக்கத்தில் அவர் மூச்சு ஒரு நொடி தடைப்பட்டுத் திரும்பும்போது, இது நின்றுபோனால் நான் எங்கே போவேன் என்று ஒரு கேள்வி வருகிறது. அது வந்ததுமே ஒரு பதிலும் வருகிறது, குல்வந்த் வீட்டு மாடிக்கு. பதில் வந்ததும் தூக்கம் வருகிறது. அந்தப் பதிலைத்தான் ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

பத்து மணிக்கு மேல் தோசை வார்த்தாள். இந்த வீட்டுத் தோசைக்கல் கோமதியினுடையது. கோமதி அவருடைய முதல் மனைவி, போய் ஏழு வருஷம் ஆகிறது; கூடத்தில் படம் இருக்கிறது, சற்றே பல் தெரியச் சிரித்துக்கொண்டு, இதோ வந்துட்டேன் என்று சொல்லப்போகிற முகம். வேதவல்லிக்கு அந்த முகத்தின் மேல் பொறாமை வரவே இல்லை, வரும் என்று காத்திருந்தாள், வராதது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனால் கல் வேறு. கல் இன்னும் கோமதி பக்கம். முதல் இரண்டு தோசையைப் பிடித்துவைத்துக்கொண்டு விடாது, மூன்றாவதை மனம்போல எரித்துக் கொடுக்கும், நாலாவதில் போனால் போகிறது என்று இறங்கி வரும். அந்த முதல் இரண்டையும் அவர் எப்போதும் தன் தட்டுக்கு இழுத்துக்கொள்வார். “எனக்குப் பிய்ஞ்சதுதான் பிடிக்கும்.” பொய். வெளியில் சாப்பிடப் போனால் முறுகல் ரோஸ்ட்தான் சொல்கிறார். அவரும் அவளை நீங்க என்கிறார், அவளும் அவரை நீங்க என்கிறாள். எதிர் பிளாக் ராஜலட்சுமி அதைக் கேட்டுவிட்டு, ரெண்டு பேரும் இன்டர்வியூவுக்கு வந்த மாதிரி இருக்கீங்க என்று சொல்லிச் சிரித்தாள். மத்தியானம் புனேயிலிருந்து நித்திலா வீடியோவில் வந்தாள். “அப்பா, குல்லாயைக் கழட்டுங்க, திருடன் மாதிரி இருக்கீங்க. ஆன்ட்டி, இவர் உங்களையும் பேப்பர் படிச்சே கொல்றாரா?” ஆன்ட்டி. வேறு என்ன கூப்பிடுவாள், பாவம், அம்மா என்றா? வேதவல்லிக்கு அப்போது சொல்ல வேண்டும் போல இருந்தது, கொல்லவில்லை அம்மா, போன திங்கட்கிழமை ஆபீஸில் டிபன் டப்பாவைத் திறக்கும்போது, தபால் பெட்டிக்குள்ளே குருவி கூடு கட்டினதும் குஞ்சு பறக்கிற வரைக்கும் பெட்டியைத் திறக்காமல் ஒரு ஊரே கடிதத்துக்குக் காத்திருந்ததைப் பற்றி நானே எல்லாரிடமும் சொன்னேன், சொல்லி முடித்ததும் எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை, வேதவல்லி மேடம் கதை சொல்கிறாளே என்று. முப்பது வருஷமாக அந்த மேஜையில் யாருக்கும் எதையும் அவள் சொன்னதில்லை. சொல்ல வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. அதை எல்லாம் போனில் எப்படிச் சொல்வது. “இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு” என்று மட்டும் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். குல்லாய்க்குள்ளே சந்தோஷப்படுகிறார் என்று தெரிந்தது. சாயங்காலம் நிலக்கடலை உரித்துக்கொண்டு இருவரும் ஹீட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள், தரைத்தளத்து வீட்டுக்குள் வெயில் வரவே வராது. எங்கோ ஒரு நாட்டில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவன் டிப்போவிலிருந்து ஒரு பஸ்ஸை எடுத்துத் தானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், வழியில் நின்றவர்களையும் ஏற்றி இறக்கிவிட்டிருக்கிறானாம். “டிக்கெட் வாங்கினானா?” என்று கேட்டாள். “அது போடலை.” “அதுதானே முக்கியம்.” “நாளைக்கு வேற பேப்பர் வாங்கிப் பாக்கலாம்” என்றார் அவர், நிஜமாகவே.

அந்த நாளை வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் விழித்தபோது இஞ்சி சத்தம் இல்லை. பக்கத்தில் ரஜாய் மடிந்து கிடந்தது. குளியலறை திறந்திருந்தது. மேஜையில் அவருடைய போன், அதன்மேல் அவருடைய கண்ணாடி உறை, வாசல் கதவு வெளியிலிருந்து சும்மா சாத்தியிருந்தது. பேப்பர்காரன் பனியால் வந்திருக்க மாட்டான், இவரே வாங்கப் போயிருப்பார், மார்க்கெட் முனைக் கடைக்கு, போய்வர எவ்வளவு நேரம் ஆகும். டீ போட்டாள். ஒரு டம்ளரை மூடி வைத்தாள். தன்னுடையதைக் குடித்தாள். மூடியதைத் திறந்து பார்த்தாள், ஏடு கட்டியிருந்தது. ஒன்றுமில்லை. அந்தக் காலத்து ஆள், யாரிடமாவது பேசிக்கொண்டு நிற்பார். யாரிடம்? அவருக்கு யார் சிநேகிதர்கள் என்று யோசித்தபோதுதான், ஒருவர் பேரும் நம்பரும் தனக்குத் தெரியாது என்று தெரிந்தது. பி.பி. மாத்திரை எத்தனை மணிக்குப் போடுகிறார்? ரத்த வகை என்ன? என்ன நிற ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனார்? போலீஸில் கேட்டால் என்ன சொல்வது, நெட்டையாக இருப்பார், நிலைக்குக் குனிவார், பிய்ந்த தோசை சாப்பிடுவார். போலீஸ் எதற்கு இப்போது. அப்பா போன நாளில் இப்படித்தான் ஒரு டம்ளர் மூடியிருந்தது, மாயவரம் வீட்டில், அண்ணன் ஓடி வந்து வாசலில் நின்று ஒன்றும் சொல்லாமல் செருப்பைக் கழற்றிக்கொண்டே இருந்தான், கழற்ற இவ்வளவு நேரமா என்று அவள் அவன் காலையே பார்த்தாள். மனசு ஏன் அங்கே போகிறது. குல்வந்த் மாடி இருக்கிறது என்று எப்போதும் வருகிற அந்தப் பதில் இப்போதும் வந்தது, வந்த வேகத்தில் அவளுக்கு அதன்மேல் ஒரு அருவருப்பு வந்தது. யாரோ தெரியாதவள் இழவு வீட்டில் பாத்திரம் பங்கு கேட்கிற மாதிரி. ஷாலைச் சுற்றிக்கொண்டு, காலில் அகப்பட்ட அவருடைய பெரிய செருப்பையே மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினாள்.

வெளியே ஒன்றுமே இல்லை. கையை நீட்டினால் முழங்கைக்கு அப்புறம் வெள்ளை. நடுவில் நின்ற மாருதி கார் ஒன்று முட்டியில் இடித்த பிறகுதான் தெரிந்தது. பிளாக்குகள் எல்லாம் ஒரே அச்சு, ஒரே மஞ்சள், ஒரே படிக்கட்டு. நல்ல வெயிலிலேயே எண்ணிக்கொண்டு போகிற இடம், இதில் ஒரு மனிதர் கண்ணாடிகூட நனைந்துபோய் எந்தத் திருப்பத்தில் திரும்பினாரோ. எங்கேயோ ஒரு ரிக்ஷா மணி, எங்கேயோ இருமல், அவர் இருமல் இல்லை. அவர் இருமல் எப்படி இருக்கும் என்று தனக்குத் தெரியும் என்பது அந்த நேரத்திலும் அவளை ஆச்சரியப்படுத்தியது. “ஏங்க” என்றாள். தொண்டை வரைக்கும்தான் வந்தது. “ஏங்க” என்று இன்னொரு தடவை, சத்தமாக. பனி அதை வாங்கி வைத்துக்கொண்டது. ஏங்க என்றால் யாருக்குத் தெரியும், இந்தக் காலனியில் யாருடைய ஏங்க அது. மூன்று மாதமாக இந்த ஒரு சொல்லிலேயே குடித்தனம் செய்துவிட்டாள், அது வீட்டுக்குள் செல்லுபடி, கூடத்திலிருந்து சமையலறைக்குப் போதும், இத்தனை பெரிய வெள்ளைக்குள் அது போய் என்ன செய்யும். பேரைச் சொல்ல வேண்டும். அம்மா அப்பாவின் பேரைச் சாகும்வரை சொன்னதில்லை. மருத்துவமனைச் சீட்டு எழுதுகிறவன் கேட்டால்கூடப் பக்கத்தில் நின்ற மகளைப் பார்ப்பாள், நீ சொல்லு என்று. வேதவல்லி அம்மா மாதிரி இல்லை, இலாகாவில் நூறு ஆண்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். ஆனால் இந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை, பதிவாளர் முன்னால்கூடக் கையெழுத்து மட்டும்தான். மூச்சை இழுத்தாள், குளிர் நுரையீரலைக் கிள்ளியது, “அம்பலவாணன்” என்று கூப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் நடந்து, மரமா ஆளா என்று தெரியாத ஒன்றைத் தொட்டுப் பார்த்து, “அம்பலவாணன்” என்று, இந்தத் தடவை குரல் எங்கிருந்து வந்ததோ, மாயவரத்தில் ஆற்றுக்கு அக்கரை ஆளைக் கூப்பிடுகிற குரல்.

“வேதா? இங்க இருக்கேன். நீயா கூப்பிட்டே?” இடது பக்கத்திலிருந்து, மிகப் பக்கத்திலிருந்து வந்தது பதில். ஒரு பழைய தகர டப்பாவில் நெருப்பு, அதைச் சுற்றிப் பக்கத்துக் காலனிக் காவலாளியும் அவரும் குந்தி உட்கார்ந்திருந்தார்கள், அவர் கையில் பேப்பர். கேட்டைப் பார்த்து நம் கேட் என்று நினைத்து உள்ளே வந்துவிட்டாராம், மூன்று பிளாக் சுற்றினாராம், பனி விலகட்டும் சாகிப், உட்காருங்கள் என்று இவன் பிடித்து உட்கார வைத்தானாம். “சரி, சும்மா உக்காருவானேன்னு ரெண்டு செய்தி படிச்சுச் சொல்லிட்டிருந்தேன்.” அவளைக் கண்டதும் எழுந்து நின்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும், சொல்ல வந்த மூன்றாவது செய்தியை நிறுத்திக்கொண்டார். கண் அவள் காலுக்குப் போனது. “இது என் செருப்பில்ல” என்றார், என் செருப்பு அல்லவா என்கிற அர்த்தத்தில். அவள் திரும்பி நடந்தாள். அவர் பின்னாலேயே வந்தார், தப்புதான், போனை எடுத்திருக்கணும், தப்புதான் என்று சொல்லிக்கொண்டே. படிக்கருகில் வந்ததும் அவள் நின்று, அவரைப் பார்க்காமல், “எனக்கு லஜ்பத் நகர்ல ரூம் இருக்கு. காலி பண்ணலை. மூணு மாசமாப் பூட்டி வெச்சிருக்கேன். நான் அங்கயே போயிடறேன்” என்றாள். சொல்ல நினைத்த விதங்களில் இது ஒன்றுகூட இல்லை. ஒரு நாள் முழுக்க மெல்ல மெல்லப் பக்குவப்படுத்தி வைத்ததெல்லாம் இப்படிக் கோபத்தில் கொட்டிப்போனது. அவர் பேப்பரை மடித்தார். மறுபடி மடிக்கவில்லை. “பயமா இருந்துச்சா?” என்று கேட்டார். எதைக் கேட்கிறார், இன்று காலையையா, மூன்று மாதத்தையா என்று தெரியவில்லை, இரண்டுக்கும் ஒரே பதில்தான் என்பதால், “ஆமா” என்றாள். “எனக்கும்தான். நித்திலா பேருக்கு எழுதி வெச்சேன், உங்கிட்டச் சொன்னேன், சொல்லிட்டா முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டேன். நீ எங்க போவேன்னு நான் ஒரு நாளும் யோசிக்கலை பாரு.” பேப்பரைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். “அந்த ரூமை எனக்குக் காட்டறியா?”

மத்தியானம் பனி கிழிந்து சூரியன் ஒரு வெள்ளித் தட்டாகத் தெரிந்தபோது இருவரும் ஆட்டோவில் போனார்கள். குல்வந்த் கௌர் கீழே வாசலில் நாற்காலி போட்டு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள், நெட்டை மனிதரை மேலும் கீழும் பார்த்தாள். “என் வீட்டுக்காரர்” என்று வேதவல்லி இந்தியில் சொன்னாள். சொன்ன பிறகு, தமிழில் வீட்டுக்காரர் என்றால் இரண்டு அர்த்தம், வீட்டுக்குச் சொந்தக்காரரும் புருஷனும், இவருக்கோ பேரில் வீடே இல்லை என்று ஒரு நினைப்பு ஓடிச் சிரிப்பு வந்தது, மூன்று மாதமாகத் தொண்டையில் நின்ற அந்த விஷயத்தைப் பார்த்துச் சிரிப்பு வருவது இதுதான் முதல் தடவை. மேலே பூட்டு கொஞ்சம் முரண்டு செய்து திறந்தது. அறை முழுக்க வெயில். தெற்கு ஜன்னல், குளிர்காலத்தில் கட்டிலின் மேலே ஏறிப் படுத்துக்கொள்ளும் வெயில், அதற்காகவே எத்தனை பதவி உயர்வு மாற்றலை வேண்டாம் என்றிருக்கிறாள். ஒற்றைக் கட்டில், ஒற்றை நாற்காலி, ஆணியில் கண்ணாடி. அவர் குனியாமல் உள்ளே வந்தார், இங்கே நிலை உயரம். எதையும் தொடாமல் நடுவில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு வெயில் வர்ற இடத்தை எதுக்கு விடணும்? வெச்சுக்கோ. மனசார சொல்றேன். சண்டை வந்தா நீ வா. எனக்குக் குளிரினா நானும் வரேன்” என்றார். அவர் மனசார சொல்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. வைத்துக்கொள்ளலாம். இப்போது ஒளிக்கவும் வேண்டாம். கட்டிலில் உட்கார்ந்தாள், இருபத்தாறு வருஷத்துப் பள்ளம் அவளை அடையாளம் தெரிந்து வாங்கிக்கொண்டது. ஜுரத்தில் கிடந்த பள்ளம், அம்மா போன தந்தியைப் படித்துவிட்டு ரயிலுக்கு மணி பார்த்த பள்ளம். இந்த அறைதான் அவளை ஆளாக்கியது, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஆளாக. உடம்பு வெயிலில் இளகி வரும்போது, நாளைக்கு அரைக்க உளுந்து ஊறப் போட்டோமா, பால் பாத்திரத்தை வெளியிலேயே வைத்துவிட்டு வந்தோமா, சீக்கிரம் வீட்டுக்குப் போகணுமே என்று எண்ணம் தன்பாட்டுக்கு ஓடியது. ஓடி, ஒரு சொல்லில் தடுக்கி நின்றது. வீட்டுக்கு. இந்தக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்கு. இத்தனை வருஷமாக அலுவலகத்திலிருந்தும் ஊரிலிருந்தும் கல்யாணங்களிலிருந்தும் அவள் வீட்டுக்குப் போகணும் என்றால் இந்த அறைக்கு என்று அர்த்தம். எப்போது மாறியது, யாரைக் கேட்டு மாறியது?

குல்வந்த் மூச்சு வாங்கியபடி மேலே வந்து கதவில் சாய்ந்தாள். “அப்ப, என்ன சொல்றே வேதா?” அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தன் முகம் எதையும் சொல்லிவிடக் கூடாது என்பதுபோல. “உங்க அக்கா மகனை வரச் சொல்லுங்க” என்றாள் வேதவல்லி. “கட்டில் இருக்கட்டும். நல்ல கட்டில்தான்.” சாவியை வளையத்திலிருந்து கழற்ற நகம் நோகப் போராட வேண்டியிருந்தது. குல்வந்த் அதை வாங்கிக்கொண்டு அவள் தலையில் கை வைத்துவிட்டு முன்னால் இறங்கிப் போனாள். வேதவல்லி பின்னால் இறங்கினாள், முதல் திருப்பம் வரைக்கும் சரியாகத்தான் இறங்கினாள், அங்கே கால் நின்றுவிட்டது. படியில் உட்கார்ந்து அழுதாள். பயத்தில் இல்லை, பயம் அப்படியேதான் இருந்தது, போகவில்லை, போகவும் போகாது. ஒருவர் இருக்க ஒருவர் போவது எல்லா வீட்டிலும் நடக்கும். அது வேறு. இது இருபத்தாறு வருஷமாக மேலே அந்த வெயிலில் தனியாக உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்காக. அம்பலவாணன் அவளைத் தாண்டி இரண்டு படி கீழே இறங்கிவிட்டவர், திரும்பிப் பார்த்து அங்கேயே நின்றார். வேண்டுமானால் வைத்துக்கொள்ளேன் என்று சொல்லவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. அவரைப் போன்றவருக்குச் சும்மா நிற்பது சிரமம், நின்றார். அப்புறம் அந்த இரண்டு படியும் மேலே ஏறி வந்தார். அவள் சுவரோடு ஒதுங்கினாள். குறுகலான படி, இரண்டு பேருக்கு ஆனதில்லை, முழங்கால் இடித்தது, ஸ்வெட்டர் சுண்ணாம்பில் உரசியது. உட்கார்ந்தார்.